குணபாலன் வாயும் ஸ்டெப்னி வேணுவின் பந்தும்

திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு பாத்திரக்கடை. அங்கே பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற வேலை குணபாலனுக்கு. எவர்சில்வர் தூக்கோ, பித்தளைக் குடமோ, சீர்வரிசைத் தாம்பாளமோ, மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு சின்ன உளியைச் சுத்தியால் டிக் டிக்கென்று தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்தைக் கொண்டுவந்துவிடுவார். அந்த வேலையில் அவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. சாயந்திரம் கடையில் கூட்டம் குறைந்ததும் முதலாளியிடம் தலையைச் சொறிந்துவிட்டு மைதானத்துக்கு நடையைக் கட்டுவார். வம்பெல்லாம் அங்கேதான்.

கிரிக்கெட் ஆடுகிற பையன்களைப் பார்த்து, எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று சொல்வதில் அவருக்கு ஒரு பித்து. யாரும் கேட்க வேண்டியதில்லை. மைதானத்து ஓரத்தில் புளியமர வேர்மேல் உட்கார்ந்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அப்புறம் டீக்கடைக்கு வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொல்லுவார்.

முதல் தீர்ப்பு, எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, தபால்காரர் மகனைப் பற்றியது. "அவன் கை கை இல்ல, பொன்னு. மெட்ராஸுக்கு ஆடாம இவன் கட்ட வேகாது" என்றார். அந்தப் பையன் அடுத்த வருஷமே மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதப் போய்விட்டான். இரண்டாவது, மிட்டாய்க்கடைக்காரர் வீட்டுக் குண்டுப் பையன். "இவன் ஒரு ரன்னு ஓடி முடிக்கறதுக்குள்ள கார்த்திகை தீபம் வந்துடும்" என்றார். அவன் யூனிவர்சிட்டி டீமுக்குப் போனான். இப்படியே நாலைந்து தீர்ப்பு போனபிறகு ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குணபாலன் சொன்னால் நடக்கும், ஆனால் தலைகீழாக நடக்கும்.

அதற்கப்புறம் கிரிக்கெட்டோடு நிற்கவில்லை. மழை வருமா, மணிலாக்கொட்டை விலை ஏறுமா, பையன் பரீட்சையில் தேறுவானா என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் வந்தார்கள். "தேறிடுவான்" என்று அவர் வாழ்த்தினால் கேட்டவர் முகம் கறுத்துப் போகும். "ரொம்பக் கஷ்டம்" என்றால் கடையிலேயே ஒரு டம்ளர் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவர் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. சேத்துப்பட்டு பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் பெண் பார்க்கப் போனார். கூட வந்தவன் சிநேகிதன் ராஜமாணிக்கம். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான், ஊர் கிரிக்கெட் டீமுக்கும் அவன்தான் கேப்டன். திரும்பி வரும் பஸ்ஸில் குணபாலன் பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ணு என்னைக் கட்டிக்க மாட்டாடா. அது பார்த்த பார்வையிலயே தெரிஞ்சுபோச்சு." ராஜமாணிக்கம் சட்டென்று எழுந்து விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி, பந்தல்காரனுக்குச் சொல்ல இறங்கி ஓடினான். பெண் பெயர் ராஜமதி. ஆவணியில் கல்யாணம்.

ராஜமதி கெட்டிக்காரி. வந்த மாசத்திலேயே புருஷன் வாயின் மகிமையைத் தெரிந்துகொண்டாள். "இன்னாங்க, புளி விலை இறங்குமா?" என்று கேட்பாள். "இறங்கும் இறங்கும்" என்பார் அவர். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு போய் வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கி வந்துவிடுவாள்.

குணபாலன் மட்டும் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "தபால்காரர் மகன் பொன்னுதான். கிளாரினெட்டு நடுவுல வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். ஒவ்வொரு தோல்விக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வேணு வந்தான்.

வேணு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். இருபது இருபத்தொரு வயசு, ஒல்லி உடம்பு, விரல் மட்டும் முருங்கைக்காய் மாதிரி நீளம். டீமில் முதல் பவுலர் சக்கரவர்த்தி. அவன் பனைமரம் மாதிரி இருப்பான், எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு ஓடிவந்து போடுவான். நாலு ஓவர் போட்டதும் அவனுக்கு மூச்சு வாங்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிடுவான். அப்போது ராஜமாணிக்கம் சுற்றும் முற்றும் பார்த்து, "டேய் வேணு, வாடா" என்பான். வேறு எப்போதும் வேணு கையில் யாரும் பந்து கொடுத்தது கிடையாது. அதனால் அவனுக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஞ்சர் கடைக்காரன் வேறு, பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

அவன் ஓட்டமெல்லாம் நாலு எட்டுதான். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வருவான். பந்து கையைவிட்டுக் கிளம்பும்போது, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். பாதி வழியில் ஒரு பக்கம் சாயும், விழுந்தபிறகு இன்னொரு பக்கம் போகும். மட்டை பிடித்தவன் இங்கே வீசுவான், பந்து அங்கே போய்க் குச்சியைத் தட்டும்.

குணபாலன் முதல் தடவை அதைப் பார்த்தபோது வேரிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நேரே டீக்கடைக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ராஜமாணிக்கம் பதறிப்போய், "வேணாம் குணபாலா, வாயத் தொறக்காத! நம்ம பையன்டா!" என்று வாயைப் பொத்த ஓடிவந்தான். அதற்குள் சொல்லிவிட்டார்.

"எழுதி வச்சுக்கங்க. ஸ்டெப்னி வேணு மெட்ராஸ் லீக்குல ஆடுவான்."

டீக்கடையே துக்கவீடு மாதிரி ஆகிவிட்டது. டீ மாஸ்டர் வேணுவைப் பார்த்து, "போவட்டும் விடுடா. கையில தொழில் இருக்குது" என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாள் காலையில் வேணுவின் அம்மா பச்சையம்மாள் பாத்திரக்கடைக்கு வந்து நின்றாள். கோயில் வாசலில் தேங்காய் பழத் தட்டு விற்கிறவள், எதையும் நாலு வாசலுக்கும் கேட்கிற குரலில்தான் பேசுவாள்.

"நயினாரே, நான் உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? எனக்கு இருக்கறது ஒரே புள்ள. அவனைப் போயி நல்லா வருவான்னு சொல்லிட்டீங்களாமே!"

"நல்லதுதானேம்மா சொன்னேன்?"

"அதான் கேக்கறேன், ஏன் சொன்னீங்க? உங்க வாயால ஒரே ஒரு வார்த்த, என் புள்ள உருப்படமாட்டான்னு சொல்லிடுங்க. உங்க கால்ல விழறேன்."

சாமான் வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். குணபாலன் உளியைக் கீழே வைத்தார்.

"அம்மா, நாங்க சமண நயினாருங்க. மனசறிஞ்சு பொய் சொல்லக் கூடாது. பையன் நல்லாத்தான் போடறான். நான் எப்படி மாத்திச் சொல்றது?"

பச்சையம்மாள் சுமந்து வந்த தேங்காய்க் கூடையை இறக்கி வைக்காமலேயே அழுதுவிட்டுப் போனாள்.

விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் அந்த ஐப்பசியில் கீழ்பென்னாத்தூர் டீமோடு ஒரு மேட்ச் ஏற்பாடாயிற்று. அதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ராமன் என்று ஒருத்தர் வரப்போவதாகத் தகவல் வந்தது. மின்விசிறி செய்கிற ஒரு கம்பெனியின் கிரிக்கெட் டீமுக்கு ஆள் பிடிக்கிறவர் அவர். தேறினால் ஆட்டத்தோடு கம்பெனியில் வேலையும் உண்டாம்.

அன்று டீக்கடையில் பெரிய பஞ்சாயத்து. சக்கரவர்த்திக்குக் கவலையில்லை. "ஓட்டம் ஜாஸ்தி, பந்து கம்மி. இவன் தேறமாட்டான்" என்று குணபாலன் முன்னமே அவனுக்கு வழி பண்ணி வைத்திருந்தார். வேணுவுக்கு என்ன செய்வது? "நயினாரை மெரட்டி வேஸ்ட்டுனு சொல்ல வச்சா?" என்றார் டீ மாஸ்டர்.

"பலிக்காது," என்றான் ராஜமாணிக்கம். "அவன் மனசார நம்பிச் சொல்லணும். அப்பதான் தலைகீழா நடக்கும். பொய் சொன்னா, அது தலைகீழுக்குத் தலைகீழாப் பூடும். நேராயிடும்." எல்லோரும் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. ஆக, வேணு ஒன்றுக்கும் ஆகாதவன் என்று குணபாலனை மெய்யாகவே நம்பவைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, வேணு அவர் கண்ணெதிரே மோசமாகப் போடுவதுதான்.

மறுநாளிலிருந்து பயிற்சியில் வேணு கன்னாபின்னாவென்று போட ஆரம்பித்தான். ஒரு பந்து அம்பயர் தொப்பியைத் தட்டியது. ஒரு பந்து ஓரத்தில் மேய்ந்த எருமையின் முதுகில் விழுந்தது, எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று நேராக மேலே போய், வேணுவின் தலைக்கே வந்தது.

ராஜமாணிக்கம் ஆவலாகப் புளியமரத்தடிக்குப் போனான். "இன்னா குணபாலா, பையன் எப்படி?"

குணபாலன் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "மேதைடா அவன்! மெட்ராஸ் ஆளு வராருன்னு தெரிஞ்சு, தன் வித்தையை வெளிய காட்டாம ஒளிச்சு வெக்கிறான் பாரு. இந்த வயசுல இவ்வளவு மூளையா!"

ராஜமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தான். வேணு இன்னும் மோசமாகப் போட்டான். குணபாலனின் மதிப்பு இன்னும் ஏறியது.

கடைசியில் வழி பண்ணியது ராஜமதிதான். பச்சையம்மாள் அவளிடம் வந்து மூக்கைச் சிந்தியதும், "ஞாயித்துக்கிழமை பையனோட சாப்பிட வாங்கக்கா" என்றாள். குணபாலன் வீட்டில் சமண வழக்கப்படி வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது, பொழுது சாய்ந்தபிறகு சாப்பாடும் கிடையாது. அதனால் வெயில் இருக்கும்போதே இலை போட்டாயிற்று. வேணு குனிந்த தலை நிமிராமல் புடலங்காய்க் கூட்டைச் சாப்பிட்டான். குணபாலனுக்குத் தாங்கவில்லை.

"வேணு, எங்கிட்ட மட்டும் சொல்லுப்பா. அந்தப் பந்து ரெண்டு பக்கமும் போவுதே, விரலை எப்படி வச்சுப் போடற?"

வேணு கையில் பிசைந்த சோற்றோடு விழித்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"எனக்கே தெரியல நயினாரே. லாரி சக்கரத்தைக் கழட்டிட்டு வர்றேன் பாருங்க, கையெல்லாம் கிரீஸு. சோப்பு போட்டாலும் போவல. பந்து வழுக்கிக்கினு அதுபாட்டுக்குப் போவுது. எந்தப் பக்கம் போவும்னு நானும் நின்னுதான் பாக்கறேன்."

குணபாலனுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"ராஜமதி, நான் ஏமாந்துட்டேன். பந்து போடறது அவன் இல்ல, கிரீஸு. இவன் தேறமாட்டான். சத்தியமா தேறமாட்டான்."

அடுப்படியில் பச்சையம்மாள் ராஜமதியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவ்வளவு சந்தோஷம். போகிற வழியில் பிள்ளையாருக்குத் தன் கூடையிலிருந்தே தேங்காய் உடைத்தாள்.

மேட்ச் அன்று மைதானத்தில் ஒரே கூட்டம். ராமன் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர், கையில் ஒரு குடை. ஷாமியானா நிழலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், "இந்த ஊர்ப் பசங்க அத்தனை பேரையும் பார்த்தவர் இவருதான் சார்" என்று குணபாலனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார். ஊர்க்காரர் யாரும் அப்போது அதில் இருக்கிற ஆபத்தை நினைக்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் மட்டையடித்தது. சக்கரவர்த்தி புழுதி கிளப்பினான், இரண்டு குச்சியைப் பெயர்த்தான். அப்புறம் ஓடிவந்த வேகத்தில், ஆடுகளத்தில் விரித்திருந்த மேட்டிங் ஓரத்தில் கால் இடறிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நொண்டிக்கொண்டே வெளியே போனான். ராஜமாணிக்கம் வழக்கம்போல் சுற்றும் முற்றும் பார்த்தான். "டேய் வேணு, வாடா."

அன்றைக்கென்று பச்சையம்மாள், நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளை என்று விடிகாலையிலேயே வேணுவுக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, தேங்காய் நாரால் கை இரண்டையும் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தாள். கிரீஸ் சுத்தமாகப் போய்விட்டது. முதல் பந்து சாதுவாக நேரே போனது. மட்டை பிடித்தவன் அடித்த அடியில் புளியமரத்துக்கு மேலே பறந்தது. காக்கையெல்லாம் கத்திக்கொண்டு எழும்பின. அடுத்ததும் அதே மரம். காக்கைகள் இந்தத் தடவை உட்காரவே இல்லை.

வேணுவுக்குப் பயத்தில் கை வியர்த்துக் கொட்டியது. அடுத்த பந்து வியர்வையில் வழுக்கியது. ஒரு பக்கம் சாய்ந்து, இன்னொரு பக்கம் திரும்பி, நடுக்குச்சியைத் தட்டியது. அதற்கடுத்து வந்தவனுக்கும் அதே கதி.

குணபாலன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கண்ணில் பழைய வெளிச்சம் வர ஆரம்பித்தது. மைதானத்து நடுவிலிருந்து ராஜமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டான். ஆட்டத்தை விட்டுவிட்டு ஷாமியானா பக்கம் ஓடிவந்து, "குணபாலா, இங்க பார்க்காத! அந்தாண்ட திரும்பு!" என்று கத்தினான். பொழுது சாய்வதற்குமுன் சாப்பிட வேண்டுமே என்று தூக்கோடு வந்திருந்த ராஜமதி, சட்டென்று புருஷன் முன்னால் நின்று முந்தானையை உதறுகிற சாக்கில் மறைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ராமன் கேட்டார். "எப்படிங்க இந்தப் பையன்? தேறுவானா?"

மைதானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஷாமியானா பக்கம் திரும்பினார்கள். குணபாலன் கண்ணை மூடி நன்றாக யோசித்தார். கிரீஸும் வியர்வையும் ஒன்றுதான் என்று பட்டது.

"வேஸ்ட் சார். கை வழுக்குது, அவ்வளவுதான்."

கூட்டம் ஹோவென்று கைதட்டியது. விசில் பறந்தது. பச்சையம்மாள் ஓடிவந்து, விற்பனைக்கு வைத்திருந்த சாமந்தி மாலையைக் குணபாலன் கழுத்தில் போட்டு, "மவராசனா இருக்கணும் நயினாரே!" என்று தழுதழுத்தாள்.

ராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தம்மா யாரு?"

"பந்து போடற பையனோட அம்மா சார்" என்றார் குணபாலன்.

"மகனை வேஸ்ட்டுனு சொன்னதுக்கா மாலை போடறாங்க? ரொம்பப் பக்குவமான அம்மாதான். சரி, அப்ப இந்தப் பையன் வேணாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கைதட்டல் பாதியில் நின்றது. வெளியூர்க்காரருக்குக் குணபாலன் சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாது. இதை இத்தனை நாள் யோசித்த அத்தனை பேரில் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. ஆளாளுக்கு ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், அவரு வேஸ்ட்டுனு சொன்னா நல்லவன்னு அர்த்தம் சார்!" "நல்லவன்னு சொல்லியிருந்தாத்தான் சார் வேஸ்ட்டு!" ராமன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இந்த ஊரில் குடிநீரில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று அவர் சந்தேகப்பட்டது நன்றாகத் தெரிந்தது.

அப்போது மலை உச்சியில் கன்னங்கரேலென்று மேகம் கவிந்து, குளிர்ந்த காற்று வீசியது. கூட்டத்தில் பாதிப் பேர் குடையை விரித்தார்கள். குணபாலன் மேலே பார்த்து, "இதோ, கொட்டப் போவுது" என்றார். விரித்த குடைகள் அத்தனையும் படபடவென்று மடங்கின. ராமன் மட்டும் தன் குடையை விரித்தார். மேகம் அவர்கள் தலைக்குமேலே வந்து, கொஞ்சம் நின்று, செங்கம் பக்கமாகப் போய்விட்டது. சுள்ளென்று வெயில் அடித்தது. விரித்த குடையின் கீழே ராமன் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் சொன்னதன் அர்த்தம் பிடிபட்டதும் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வேணுவைக் கூப்பிட்டார். "தம்பி, எங்க டீம்ல நல்லாப் போடறவங்க இருக்காங்க. அவங்களுக்கு மூச்சு வாங்கும்போது போட ஒருத்தன் வேணும். வரியா?"

"அதுதான் சார் நான் இங்க பண்றது" என்றான் வேணு.

இப்படியாக வேணு மெட்ராஸ் போனான். கம்பெனி டீம் லீக்கில் கடைசிப் படியில் இருந்தது. அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. யாருக்காவது இடுப்புப் பிடித்தால் இவன் வந்து போடுவான். சில நாள் குச்சி பறக்கும், சில நாள் பந்து பறக்கும். கம்பெனியில் விசிறிக்கு எண்ணெய் போடுகிற பிரிவில் வேலை கொடுத்திருந்தார்களாம், அதனால் கையில் வழுக்கலுக்குக் குறைவில்லை. சக்கரவர்த்தி கணுக்கால் தேறியதும் போலீஸ் டீமில் சேர்ந்துவிட்டான்.

தேரடித் தெருவில்தான் தகராறு தீரவில்லை. வேணு மெட்ராஸ் லீக்கில் ஆடுவான் என்று குணபாலன் சொன்னது பலித்துவிட்டதே, அப்படியானால் அவர் வாய்க்கு மகிமை போய்விட்டதா என்று ஒரு கட்சி. அதை அவரே வாபஸ் வாங்கிவிட்டார், பின்னால் சொன்ன வேஸ்ட்தான் கணக்கு, அது சரியாகத் தலைகீழாகிவிட்டது என்று இன்னொரு கட்சி. வாழ்க்கையில் சரியாகச் சொன்ன ஒன்றே ஒன்றையும் தன் வாயாலேயே அழித்துக்கொண்டோமே என்று குணபாலனுக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. எண்பத்து மூன்றில் உலகக் கோப்பைக்கு நம் ஆட்கள் கிளம்பியபோது, "முதல் சுற்றோட பொட்டியைக் கட்டிடுவாங்க" என்றார். ஊர் அன்றைக்கே பட்டாசு வாங்கி வைத்துவிட்டது.

அந்த வருஷ தீபத்துக்கு வேணு ஊருக்கு வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், பேண்ட் போட்டிருந்தான். நயினாருக்கு என்று ஒரு மேஜை விசிறி கொண்டுவந்தான். பேசிக்கொண்டே அவனும் குணபாலனும் ராஜமதியும் மைதானத்துப் பக்கம் நடந்தார்கள். காலை வெயிலில் மைதானம் காலியாகக் கிடந்தது. பையன்கள் விட்டுப்போன மட்டை ஒன்று புளியமரத்தில் சாய்ந்திருந்தது, பக்கத்தில் ஒரு பந்தும் கிடந்தது.

"நயினாரே, ஒரு பந்து அடிச்சுப் பாருங்களேன்" என்றான் வேணு.

குணபாலன் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கு மட்டை பிடிக்கவே தெரியாதுப்பா. இதுவரைக்கும் தொட்டதில்ல."

ராஜமதி இடுப்பில் கை வைத்தாள். "இத்தனை வருஷம் ஊரையே எடை போட்டீங்க, மட்டையைத் தொட்டதே இல்லையா?"

அவர் வேட்டியை மடித்துக்கட்டி, மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். வேணு நாக்கை நீட்டிக்கொண்டு நாலு எட்டு வந்து போட்டான். பந்து ஒரு பக்கம் போக, மட்டை ஒரு பக்கம் போக, குணபாலன் ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்துவிட்டார். எழுந்து மறுபடி நின்றார். மறுபடியும் உட்கார்ந்தார். ராஜமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எப்படியோ ஒரு பந்து மட்டையில் பட்டது. 'டொக்' என்று சத்தம். பந்து வேணு தலைக்குமேலே எழும்பி, வேலியைத் தாண்டி யாரோ ஒருத்தர் கேழ்வரகுக் கொல்லையில் போய் விழுந்தது.

குணபாலன் மட்டையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். என்ன தீர்ப்பு வருமோ என்று வேணு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ராஜமதி பந்தை எடுக்கப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினாள்.

"சீக்கிரம் தூக்கிப் போடு ராஜமதி" என்று கத்தினார் குணபாலன். "இன்னொண்ணு போடுப்பா வேணு, இன்னொண்ணு போடு!"